முதல் ஆட்டத்தில் ஏன் இத்தனை ஜாக்கிரதை? – கால்பந்து கேள்வி பதில்

பெரிய கால்பந்துத் தொடர்களின் முதல் வாரம் ஏன் இழுவையாகப் போகிறது என்பதைச் சுற்றியே இம்முறை நிறையக் கேள்விகள். ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரோடு மட்டும் தந்திருக்கிறோம்.

உலகக் கோப்பை என்று ராத்திரி கண் விழித்து உட்கார்ந்தால், முதல் வாரம் முழுக்க 0-0, 1-0 என்றே ஓடுகிறது. பெரிய அணிகள்கூடப் பந்தைப் பின்னால் பின்னால் தட்டிக்கொண்டிருக்கின்றன. ஜெயிக்கத்தானே வருகிறார்கள்?
– வாசகர், வியாசர்பாடி

ஜெயிக்கத்தான் வருகிறார்கள். ஆனால் முதல் ஆட்டத்துக்கு இறங்கும்போது ‘ஜெயிக்க வேண்டும்’ என்பதைவிட ‘தோற்கக் கூடாது’ என்பதே மேலே நிற்கிறது. காரணம் கணக்கு.

நான்கு அணி கொண்ட குழுவில் ஓர் அணிக்கு மூன்றே ஆட்டம். இங்கிலாந்து, ஸ்பெயின் லீக்குகளில் 38 ஆட்டம். அங்கே ஆகஸ்டில் தோற்றதை மே மாதத்துக்குள் எப்படியும் ஈடுகட்டிவிடலாம். இங்கே அடுத்த வாரமே பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டு அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் ஆட்டத்தை டிரா செய்கிறது, இன்னொன்று தோற்கிறது (வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1). மிச்சமுள்ள இரண்டு ஆட்டங்களில் இரண்டுமே ஒரு வெற்றி, ஒரு டிரா எடுக்கின்றன என்று வையுங்கள். முதல் அணிக்கு 5 புள்ளி, இரண்டாவதுக்கு 4. ஒரு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் 32 அணிகள் ஆடிய ஏழு உலகக் கோப்பைகளில், அதாவது 1998 முதல் 2022 வரை, 5 புள்ளி எடுத்த எந்த அணியும் முதல் சுற்றோடு வெளியேறியது கிடையாது. 4 புள்ளியின் கதை வேறு. 2022இல் கத்தாரில் 4 புள்ளி எடுத்த அணிகள் பத்து. போலந்து, ஸ்பெயின், தென்கொரியா மூன்றும் தப்பின. ஈக்வடார், மெக்சிகோ, துனீசியா, ஜெர்மனி, பெல்ஜியம், கேமரூன், உருகுவே ஏழும் ஊர் திரும்பின. முதல் ஆட்டத்தில் கிடைக்கும் அந்த ஒற்றைப் புள்ளியின் விலை இதுதான்.

இதை எல்லாப் பயிற்சியாளர்களும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதனால் 70ஆவது நிமிடத்தில் 0-0 என்றால் இரு பக்கமும் ஒரே யோசனைதான்: இருபது நிமிடம் முட்டி மோதி 3 புள்ளிக்குப் போவதா, கையில் இருக்கும் ஒன்றைப் பத்திரப்படுத்துவதா? எதிரணியும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தால் ஆட்டம் அப்படியே உறைந்துவிடும்.

2010 தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பை இதற்கு நல்ல சாட்சி. ஒவ்வோர் அணியும் தன் முதல் ஆட்டத்தை ஆடி முடித்தபோது, 16 ஆட்டங்களில் மொத்தம் 25 கோல். அதிலும் 4 கோல் ஜெர்மனி ஆஸ்திரேலியாவுக்குப் போட்டது. அதைக் கழித்தால் 15 ஆட்டத்தில் 21. தங்கள் இரண்டாவது ஆட்டங்களில் அதே அணிகள் 42 கோல் போட்டன. ஐந்தாறு நாளில் யாரும் புதிதாகக் கோல் அடிக்கக் கற்றுக்கொள்வதில்லை. முதல் ஆட்டத்தில் புள்ளி விட்டவர்களுக்கு இரண்டாவதில் வேறு வழியில்லாமல் போனது. ஓர் அணி முன்னேறி வந்தால் பின்னால் இடம் திறக்கும். பிறகு இரண்டு பக்கமும் கோல் விழும்.

இதே வீரர்கள் கிளப்புக்கு ஆடும்போது புயல்போல ஆடுகிறார்கள். நாட்டின் சட்டையைப் போட்டதும் ஏன் மந்தமாகிவிடுகிறார்கள்? பயம் மட்டுமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பயத்தைவிடப் பயிற்சிப் பற்றாக்குறைதான் பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு.

கிளப்பில் சீசன் தொடங்குவதற்கு முன் ஐந்தாறு வாரம் சேர்ந்து பயிற்சி செய்வார்கள், பிறகு பத்து மாதம் தினமும் ஒரே முகங்கள். தேசிய அணிக்கு ஆண்டில் சில இடைவெளிகள்தான். திங்கள்கிழமை வந்து சேர்ந்து வியாழன், வெள்ளியில் ஆட்டம் என்றால், பயணக் களைப்பு போக முழுதாகக் கிடைப்பது இரண்டு மூன்று பயிற்சி. உலகக் கோப்பைக்கு முன் வழக்கமாக மூன்று வாரம் கிடைக்கும். 2022இல் அதுவும் இல்லை. ஐரோப்பிய லீக்குகள் நவம்பர் 13 வரை நடந்தன, கத்தாரில் முதல் ஆட்டம் நவம்பர் 20.

இவ்வளவு குறைந்த நேரத்தில் எதைச் சொல்லிக்கொடுப்பது? தடுப்பாட்டம்தான் சீக்கிரம் படியும். நான்கு தடுப்பாளர்கள் ஒரு வரிசை, அவர்களுக்கு முன்னால் நான்கு நடுக்கள வீரர்கள் ஒரு வரிசை. இரண்டுக்கும் நடுவே 10 முதல் 15 மீட்டர், பக்கத்து ஆளுக்கும் நமக்கும் எட்டுப் பத்து மீட்டர். பந்து வலப்பக்கம் போனால் எட்டுப் பேரும் சேர்ந்து வலப்பக்கம் நகர வேண்டும், இடது ஓரத்தைக் காலியாக விட்டாலும் பரவாயில்லை. மைதானம் 68 மீட்டர் அகலம். பந்து குறுக்கே பறந்து வருவதற்குள் திரும்பி வந்துவிடலாம். தேர்ந்த வீரர்களுக்கு இது நான்கைந்து பயிற்சியில் கைவந்துவிடும், ஏனென்றால் எல்லாரும் தங்கள் கிளப்பில் இதில் ஏதோ ஒரு வகையை ஆடித்தான் வந்திருப்பார்கள்.

தாக்குதல் அப்படியல்ல. விங்கர் (ஓரத்தில் தாக்கும் வீரர்) உள்ளே வெட்டினால் ஃபுல் பேக் (ஓரத் தடுப்பாளர்) எந்த நொடியில் வெளியே ஓட வேண்டும், ஸ்ட்ரைக்கர் (முன்னால் நின்று கோல் போடுபவர்) பந்துக்கு வருவாரா அல்லது தடுப்பாளர் முதுகுக்குப் பின்னால் ஓடுவாரா, பந்து கொடுப்பவர் இதையெல்லாம் பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். அரை நொடி தப்பினால் ஆஃப்சைடு, இல்லையென்றால் பந்து எதிரணி காலில். அந்தப் பழக்கம் ஆட்டங்களில்தான் வரும். அதனால்தான் பல அணிகள் மூன்றாவது நான்காவது ஆட்டத்தில் திடீரென்று வேறு அணிபோலத் தெரிகின்றன. 1982இல் இத்தாலியின் பாவ்லோ ரோஸி முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடவில்லை. கடைசி மூன்று ஆட்டங்களில் ஆறு.

களைப்பும் ஒரு காரணம்தான். கோப்பை வெல்ல ஏழு ஆட்டம், 48 அணித் தொடரில் எட்டு. முதல் ஆட்டத்திலேயே 90 நிமிடமும் விரட்டி விரட்டிப் பந்தைப் பறிக்கிற பிரஸ்ஸிங் ஆடினால் கால் இறுதிக்கு யார் காலில் தெம்பு இருக்கும்? வெயிலும் உயரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம், மெக்சிகோ சிட்டி 2,240. அங்கே மூச்சு வாங்கும், பந்தும் வேகமாகப் பறக்கும். நீண்ட பாஸின் அளவு பிடிபடவே ஓர் ஆட்டம் ஆகிவிடும்.

எல்லா உலகக் கோப்பையும் இப்படித்தான் தொடங்குமா? அப்பா காலத்தில் நிறையக் கோல் விழுந்ததாகச் சொல்வார்.
– வாசகர், யாழ்ப்பாணம்

எந்தக் காலம் என்பதைப் பொறுத்தது. தொடக்க ஆட்டத்தை மட்டும் எடுத்தால் பழைய காலம் இன்னும் மோசம். 1966இல் இங்கிலாந்து–உருகுவே, 1970இல் மெக்சிகோ–சோவியத் யூனியன், 1974இல் பிரேசில்–யுகோஸ்லாவியா, 1978இல் மேற்கு ஜெர்மனி–போலந்து, நான்கும் 0-0. பன்னிரண்டு ஆண்டு உலகம் முழுக்கத் தொடக்க ஆட்டத்துக்காகக் காத்திருந்து ஒரு கோல்கூடப் பார்க்கவில்லை. 1982இல் பெல்ஜியம் அர்ஜென்டினாவை 1-0 என்று வென்றபோதுதான் அந்தச் சாபம் தீர்ந்தது.

அடிமட்டம் 1990 இத்தாலி. 52 ஆட்டத்தில் 115 கோல், ஆட்டத்துக்கு 2.21. எந்த உலகக் கோப்பையிலும் இதைவிடக் குறைந்த சராசரி கிடையாது. அந்தத் தொடரின் எஃப் குழு பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டியது. இங்கிலாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து, எகிப்து ஆடிய ஆறு ஆட்டத்தில் ஐந்து டிரா, மொத்தமே ஏழு கோல். அயர்லாந்துக்கும் நெதர்லாந்துக்கும் புள்ளி, கோல், எல்லாம் சமம். யார் இரண்டாம் இடம் என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். அயர்லாந்து ஓர் ஆட்டத்திலும் ஜெயிக்காமல், ருமேனியாவைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் தாண்டி, கால் இறுதிவரை போய்விட்டது.

அப்போது ஒரு வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. இரண்டு டிரா ஒரு வெற்றிக்குச் சமம் என்றால் எவன் ஆபத்தை எடுப்பான்? போதாக்குறைக்குத் தடுப்பாளர் பந்தைப் பின்னால் தட்டலாம், கோல்கீப்பர் அதைக் கையில் எடுத்துக்கொள்ளலாம், மறுபடி உருட்டி விடலாம், மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தொடரைப் பார்த்து நொந்துபோனவர்கள்தான் விதியை மாற்றினார்கள். 1992இல் சக வீரர் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது என்று வந்தது. 1994 உலகக் கோப்பையில் வெற்றிக்கு 3 புள்ளி. அதே 52 ஆட்டம், 141 கோல்.

முதல் ஆட்டங்கள் எப்போதும் மந்தம் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. நான்கு உலகக் கோப்பைகளின் முதல் 16 ஆட்டக் கணக்கு இது: 2010இல் 25 கோல், 2014இல் 49, 2018இல் 38, 2022இல் 41. 2014இல் நெதர்லாந்து ஸ்பெயினை 5-1 என்று கிழித்ததும் முதல் ஆட்டத்தில்தான். வேடிக்கை என்னவென்றால் அன்று நெதர்லாந்து ஐந்து தடுப்பாளர்களோடு இறங்கியது. பின்னால் ஆட்களை நிறுத்தி, பந்து கிடைத்ததும் ஸ்பெயினின் உயர்ந்த தடுப்பு வரிசைக்குப் பின்னால் நீளமாக அடித்தார்கள். ஆள் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் அணி அடக்கி ஆடுகிறதா இல்லையா என்று சொல்லக் கூடாது.

2022இல் முதல் 16 ஆட்டத்தில் நான்கு 0-0 இருந்தன. அதே சமயம் இங்கிலாந்து ஈரானை 6-2 என்றும், ஸ்பெயின் கோஸ்டாரிகாவை 7-0 என்றும் வென்றன. பலம் ஏறக்குறைய சமமாக இருக்கும் ஆட்டங்கள்தான் உறையும். இடைவெளி பெரிதாக இருந்தால் முதல் கோல் விழுந்ததும் அணை உடைந்துவிடும்.

0-0 என்று முடிந்தால் இரு அணிக்கும் புள்ளி கிடையாது என்று ஒரு விதி போட்டால் என்ன?
– வாசகர், ஈரோடு

90ஆவது நிமிடத்தில் ஆளுக்கொரு கோல் விட்டுக்கொடுத்து 1-1 என்று கைகுலுக்கிப் போவார்கள். வேண்டாம்.

முதல் ஆட்டத்தில் சொதப்பிய அணி கோப்பை வாங்கியிருக்கிறதா?
– வாசகர், சேலம்

தாராளமாக. 2010இல் ஸ்பெயின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 0-1 தோற்றது. பிறகு நாக் அவுட் ஆட்டங்கள் நான்கையும் 1-0, 1-0, 1-0, 1-0 என்று வென்றது. ஏழு ஆட்டத்தில் எட்டே கோல், கோப்பை கையில். 2022இல் அர்ஜென்டினா சவூதி அரேபியாவிடம் 1-2 தோற்றுத் தொடங்கியது. 1982இல் இத்தாலி மூன்று குழு ஆட்டங்களையும் டிரா செய்தது. கேமரூனும் மூன்று டிரா. இத்தாலி போட்டது 2 கோல், கேமரூன் போட்டது 1 என்ற ஒரே வித்தியாசத்தில் இத்தாலி உள்ளே போய் உலகக் கோப்பையையே தூக்கியது. 2016 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) போர்ச்சுகலும் மூன்று டிராவோடு, குழுவில் மூன்றாம் இடம் பிடித்து நுழைந்து சாம்பியன் ஆனது. அந்தத் தொடரில் அவர்கள் 90 நிமிடத்துக்குள் வென்ற ஒரே ஆட்டம் வேல்ஸுக்கு எதிரான அரை இறுதி.

மறுபக்கம் 2010 நியூசிலாந்து. மூன்று ஆட்டம், மூன்று டிரா. அந்த உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்திலும் தோற்காத ஒரே அணி அதுதான், சாம்பியன் ஸ்பெயின்கூடத் தோற்றிருந்தது. ஆனால் 3 புள்ளி போதவில்லை. 1998இல் அதே மூன்று டிராவோடு சிலி அடுத்த சுற்றுக்குப் போனது. குழுவில் மற்றவர்கள் எப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை.

மூன்றாம் இடம் பிடித்தாலும் அடுத்த சுற்று உண்டு என்ற முறை வந்தபின் ஆட்டம் கூடுதலாக மந்தமாகிறதா?
– வாசகி, கோலாலம்பூர்

ஆம் என்றே சொல்லத் தோன்றுகிறது. 2016இல் யூரோ முதன்முறையாக 24 அணிகளாக விரிந்தது. ஆறு குழு, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணி அடுத்த சுற்றுக்கு, அத்துடன் சிறந்த மூன்றாம் இட அணிகள் நான்கு. குழுச் சுற்றின் 36 ஆட்டங்களில் 69 கோல்தான், ஆட்டத்துக்கு இரண்டுகூட இல்லை.

இந்த முறையில் ஒரு புதிய கணக்கு நுழைகிறது: ‘தோற்றாலும் சின்னதாகத் தோற்க வேண்டும்.’ வட அயர்லாந்து அந்தத் தொடரில் உக்ரைனை 2-0 என்று வென்றிருந்தது, போலந்திடம் 0-1 தோற்றிருந்தது. கடைசி ஆட்டம் ஜூன் 21இல் பாரிஸில் ஜெர்மனியோடு. ஜெர்மனி கோல் கம்பத்தை நோக்கி மாறி மாறி அடித்தது, கோல்கீப்பர் மைக்கேல் மெக்கவர்ன் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தடுத்தார். 0-1 என்று பின்தங்கியும் வட அயர்லாந்து எல்லாரையும் முன்னே அனுப்பவில்லை. கோல் வித்தியாசம் (போட்ட கோலில் வாங்கியதைக் கழித்தது) பூஜ்யத்தில் நின்றால் 3 புள்ளி போதலாம் என்பது அவர்கள் கணக்கு. போதவும் செய்தது. அதே 3 புள்ளி எடுத்த அல்பேனியாவுக்கும் துருக்கிக்கும் கோல் வித்தியாசம் மைனஸ் 2. இரண்டும் வெளியே. அல்பேனியா பாடுதான் பரிதாபம். பிரான்ஸுக்கு எதிராக 90ஆவது நிமிடம் வரை 0-0 பிடித்து வைத்திருந்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கியது. பிறகு ருமேனியாவை வென்றும், மற்றக் குழுக்கள் முடியும்வரை மூன்று நாள் ஹோட்டலில் உட்கார்ந்து முடிவுக்குக் காத்திருந்தது.

48 அணி உலகக் கோப்பையிலும் இதே மூன்றாம் இடக் கதவு உண்டு. 12 குழுக்களில் முதல் இரண்டு இடம், அத்துடன் 12 மூன்றாம் இட அணிகளில் 8, மொத்தம் 32. அதாவது மூன்றில் இரண்டு பங்கு அணிகள் தேறும். சின்ன அணிக்கு ஒரு வெற்றியும் பெரிய தோல்வி வாங்காமல் இருப்பதும் போதும் என்ற நிலை. முதலில் மூன்று மூன்று அணிகளாக 16 குழு என்றுதான் ஃபிஃபா திட்டமிட்டிருந்தது. கடைசி ஆட்டத்தில் இரண்டு அணி பேசி வைத்து ஆட, மூன்றாவது வெளியே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும் என்ற கவலையில் 2023 மார்ச்சில் அதைக் கைவிட்டார்கள். அந்தக் கவலைக்குப் பழைய காயம் ஒன்று காரணம். 1982 ஜூன் 25இல் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனி 10ஆவது நிமிடத்தில் ஆஸ்திரியாவுக்கு ஒரு கோல் போட்டது. 1-0 என்றால் இரண்டு அணியும் தேறும், முந்தைய நாளே ஆடி முடித்துவிட்ட அல்ஜீரியா வெளியேறும். மிச்சம் 80 நிமிடம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதன் பிறகுதான் ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்க ஆரம்பித்தன.

ஜாக்கிரதையாக ஆடியே கெட்ட அணி உண்டா?
– வாசகர், சிங்கப்பூர்

ஏராளம். நறுக்கென்று ஒன்று சொன்னால் 2004 யூரோவில் இத்தாலி. முதல் ஆட்டம் டென்மார்க்குடன் 0-0, அடுத்து ஸ்வீடனுடன் 1-1, கடைசியில் பல்கேரியாவை 2-1 என்று வென்று 5 புள்ளி. அதே வேளையில் போர்ட்டோவில் டென்மார்க்கும் ஸ்வீடனும் 2-2. 89ஆவது நிமிடத்தில் ஸ்வீடன் சமன் செய்தது. மூன்று அணிக்கும் 5 புள்ளி. யூரோவில் முதலில் பார்ப்பது அந்த மூவரும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை. அங்கே எல்லாமே டிரா, ஆகவே அந்த ஆட்டங்களில் போட்ட கோல் எண்ணிக்கை: ஸ்வீடன் 3, டென்மார்க் 2, இத்தாலி 1. முதல் நாள் அந்த 0-0இல் சும்மா இருந்ததன் பலன்.

2018 ஜூன் 15ஐயும் சொல்ல வேண்டும். எகிப்து 89ஆவது நிமிடம் வரை உருகுவேயைத் தடுத்து நிறுத்தியிருந்தது. வலப்பக்கம் ஒரு ஃப்ரீ கிக், உருகுவேயின் ஹிமெனெஸ் தலையால் முட்டினார், 0-1. சில மணி நேரத்தில் மொராக்கோ–ஈரான். 90 நிமிடம் முடிந்து நடுவர் கூட்டிய நேரத்தின் ஐந்தாவது நிமிடம், இடப்பக்கம் ஒரு ஃப்ரீ கிக், மொராக்கோ வீரரே பாய்ந்து தன் வலைக்குள் முட்டிவிட்டார். அன்றிரவே போர்ச்சுகலுக்கு எதிராக ஸ்பெயின் 3-2 என்று முன்னிலையில் இருக்க, 88ஆவது நிமிடத்தில் ரொனால்டோவின் ஃப்ரீ கிக், 3-3. இரண்டு அணியும் அடக்கி ஆடினால் ஓடும் பந்தில் வாய்ப்பு குறையும், நின்ற பந்தின் (ஃப்ரீ கிக், கார்னர் போன்றவை) மதிப்பு ஏறும். களைத்த கால்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் தேவையில்லாத ஃபவுல் செய்யும். பின்னுக்குப் போய் உட்காரும் அணிக்கு இதுதான் பெரிய ஆபத்து. அதே தொடரில் இங்கிலாந்து போட்ட 12 கோலில் 9, கார்னர், ஃப்ரீ கிக், பெனால்டி வழியாக வந்தவை.

நம் நாட்டு உதாரணம் 2019 ஆசியக் கோப்பை. இந்தியா முதல் ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று வென்று அசத்தியது, அடுத்து ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-2. ஜனவரி 14இல் ஷார்ஜாவில் பஹ்ரைனுடன் ஒரு டிரா போதும், இரண்டாம் இடத்தோடு அடுத்த சுற்று. 90 நிமிடமும் 0-0. நடுவர் கூட்டிய நேரத்தின் முதல் நிமிடத்தில் கோல் முன்னாலுள்ள பெனால்டி பெட்டிக்குள் ஒரு ஃபவுல், பெனால்டி, 0-1. இரண்டாம் இடத்திலிருந்து நேராகக் குழுவின் கடைசி இடம்.

முதல் ஆட்டத்தில் அடித்து ஆடியதே காப்பாற்றியதும் உண்டு. 2022இல் ஸ்பெயினும் ஜெர்மனியும் 4 புள்ளியில் சமமாக முடித்தன. ஸ்பெயினின் கோல் வித்தியாசம் +6, ஜெர்மனிக்கு +1. அந்த 7-0 இல்லையென்றால் ஸ்பெயினுக்கும் ஊர் திரும்ப டிக்கெட் போட்டிருப்பார்கள்.

மஞ்சள் அட்டைக்காகவும் அடக்கி ஆடுவார்களாமே?
– வாசகர், திருச்சி

ஆடுவார்கள். வெவ்வேறு ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் வாங்கினால் அடுத்த ஆட்டம் கிடையாது. முதல் ஆட்டத்தின் 20ஆவது நிமிடத்திலேயே ஒன்று வாங்கிய நடுக்கள வீரர் பிறகு காலை நீட்டவே யோசிப்பார். 2018இல் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல், நேரடி ஆட்டம் எல்லாவற்றிலும் சமம். ஜப்பானுக்கு 4 மஞ்சள், செனகலுக்கு 6. ஜப்பான் தேறியது. வோல்கோகிராடில் போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்த ஜப்பான், கடைசிப் பத்து நிமிடம் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு நின்றது. மைதானம் முழுக்கக் கூச்சல். இன்னொரு மைதானத்தில் செனகல் ஒரு கோல் போட்டிருந்தால் ஜப்பான் கதை முடிந்திருக்கும். அடக்கம் என்று நாம் நினைப்பது சில சமயம் அப்பட்டமான சூதாட்டம்.

டி.வி.யில் பார்க்கும்போது, ஓர் அணி வேண்டுமென்றே அடக்கி ஆடுகிறதா, ஆட முடியாமல் திணறுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பந்தைப் பார்க்காதீர்கள். ஃபுல் பேக் இருவரையும் பாருங்கள். தங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது ஒருவர் ஏறினால் மற்றவர் நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்றால், அது திட்டம். இருவரும் ஏறியும் பந்து ஓரமாகவே ‘ப’ வடிவில் சுற்றிக்கொண்டிருந்தால், நடுவில் வழி தெரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்து தங்கள் கார்னரின்போது பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். எதிரணி முன்னால் ஒருவரை விட்டிருந்தால் இரண்டு பேர் காவலுக்குப் போதும். மூன்று நான்கு பேர் நின்றால் கோலைவிட எதிர்த்தாக்குதல்தான் அவர்கள் மனதில் இருக்கிறது. பந்தை இழந்த நொடியும் முக்கியம்: பக்கத்து இரண்டு மூன்று பேர் உடனே பாய்கிறார்களா, எல்லாரும் திரும்பிப் பின்னால் ஓடுகிறார்களா? ஸ்ட்ரைக்கர் பந்து தேடி நடுக்கோடுவரை இறங்கி வந்துகொண்டே இருந்தால் அது திட்டமாக இருக்க வாய்ப்பு குறைவு, பந்து கிடைக்காத பசி.

65ஆவது நிமிட வாக்கில் விங்கரை எடுத்துவிட்டுத் தடுப்பு நடுக்கள வீரரை இறக்கினால், பயிற்சியாளர் டிராவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எங்கள் கடற்கரை ஊரில் நான்கு அணிக் குழுவாக லீக் வைத்துப் போட்டி நடக்கிறது. பையன்களுக்கு நான்தான் பயிற்சி. முதல் ஆட்டத்தை எப்படி அணுகலாம்?
– வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

முதலில் விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள். புள்ளி சமமானால் மொத்தக் கோல் வித்தியாசமா, நேரடி ஆட்டமா? கோல் வித்தியாசம் என்றால் பலவீனமான அணிக்கு எதிராக 2-0இல் கால் நீட்டி உட்காரக் கூடாது, இன்னும் போட வேண்டும். நேரடி ஆட்டம் என்றால் உங்களுக்குச் சமமான அணியோடு ஆடும் ஆட்டத்துக்கு நல்ல கால்களைச் சேமித்து வையுங்கள்.

மூன்று மாலை கிடைத்தால் போதும். முதல் நாள் வடிவம்: எட்டுப் பேரை இரண்டு வரிசையாக நிறுத்தி, எதிரே ஆறு பேரிடம் பந்தைக் கொடுத்து, பந்து போகும் பக்கம் எட்டுப் பேரும் சேர்ந்து நகர்வதை மட்டும் இருபது நிமிடம். நடுவில் ஒரு பாஸ் புகுந்தால் நிறுத்தி, யார் நகரவில்லை என்று காட்டுங்கள். இரண்டாம் நாள், அதே வடிவத்தில் பந்தைப் பறித்ததும் மூன்று பாஸுக்குள் நடுக்கோட்டைத் தாண்டுவது. தாண்டாவிட்டால் மறுபடி. மூன்றாம் நாள் நின்ற பந்து: இரு பக்கமும் பத்துப் பத்து கார்னர், பெட்டிக்கு வெளியிலிருந்து பத்து ஃப்ரீ கிக். தடுப்பதையும் சேர்த்தே பழக்குங்கள், அருகில் உள்ள கம்பத்தில் ஒருவர், ஆறு கஜக் கோட்டில் மூவர், பெட்டி விளிம்பில் சிதறும் பந்துக்கு ஒருவர்.

ஆட்டத்தில் முதல் பத்து நிமிடம் சொந்தப் பெட்டிக்கு முன்னால் குறுக்குப் பாஸ் வேண்டாம். ஃபுல் பேக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற வேண்டும். பிறகு எதிரணி இறங்கி நிற்கிறதா என்று பார்த்து ஆளைக் கூட்டுங்கள்.

முன்னிலை கிடைத்ததும் பையன்கள் தானாகவே பெட்டிக்குள் போய் அடைந்துகொள்வார்கள். அதுதான் பெரும்பாலும் கவிழ்க்கும். பந்தை வெளியே அடித்தால் வாங்க ஆள் இல்லாமல் அதே பந்து ஐந்து நொடியில் திரும்பி வரும். வேகமான ஒருவரை எப்போதும் நடுக்கோட்டருகே விட்டு வையுங்கள். எதிரணி இரண்டு பேரை அவனுக்காகவே பின்னால் நிறுத்த வேண்டியிருக்கும். தடுப்பு வரிசையை பெட்டிக் கோட்டுக்கு நாலைந்து மீட்டர் வெளியே நிறுத்த, கோல்கீப்பர்தான் குரல் கொடுக்க வேண்டும். அவனிடம் முன்பே சொல்லி வையுங்கள். மாற்று ஆட்டக்காரரில் ஒருவரைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கென்று மிச்சம் வைத்து, அதிகம் ஓடிய நடுக்கள வீரனின் இடத்தில் இறக்குங்கள். பெட்டியருகே ஃபவுல் செய்யப்போவது பெரும்பாலும் அந்தக் களைத்த கால்தான்.